மிளகு கறுப்பான கதை

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வில் மிளகின் தாவரவியல் பெயரை 'பைப்பர் நைக்ரா' என்று எழுதி அரை மதிப்பெண் இழந்தான். "கருங்கடுகுக்கு 'பிராசிக்கா நைக்ரா' சரி என்றால், மிளகுக்கு மட்டும் ஏன் 'நைக்ரம்'?" என்று அவன் என்னிடம் கேட்டது நியாயமான கேள்விதான். மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் இதை விளக்குவதில்லை.

லத்தீனில் 'நைகர்' என்றால் கறுப்பு. (ரோமானியர் 'நிகெர்' என்றே சொல்லியிருப்பர், நம் கல்லூரிகளில் வழங்கும் உச்சரிப்பை இங்கே எழுதுகிறேன்.) அம்மொழியில் செடி கொடிகளின் பெயருக்கும் பால் உண்டு. ஹிந்தியில் 'காலா கோட்டு', 'காலீ மிர்ச்' என்று பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அங்கே இரண்டு பால்; லத்தீனில் இரண்டிலும் சேராத மூன்றாவது பாலும் உண்டு. 'பைப்பர்' அந்த மூன்றாம் பால், எனவே நைக்ரம். 'பிராசிக்கா' பெண்பால், எனவே நைக்ரா. வெங்காயச் சருகில் கரித்தூள்போல் படியும் பூஞ்சையான 'ஆஸ்பெர்ஜில்லஸ்' ஆண்பால், ஆகவே அது நைகராகவே நிற்கிறது. மணத்தக்காளிக்குப் பாடநூல்கள் தரும் பெயர் 'சொலானம் நைக்ரம்'. கறுப்பு மல்பெரி மரமோ 'மோரஸ் நைக்ரா'. 'மோரஸ்' ஆண்பால் போல ஒலித்தாலும், லத்தீனில் மரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலே.

ஆக, அரை மதிப்பெண்ணைக் குறைத்தது சரிதான். (இன்னொன்று: நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு பெரும்பாலும் நைக்ரா அல்ல, 'பிராசிக்கா ஜன்சியா' என்ற வேறு இனம்.)

பையன் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. மிளகுக்கொடியில் கறுப்பு எங்கே இருக்கிறது? காய் பச்சை, பழுத்தால் சிவப்பு. முற்றிய பச்சைக் காயைப் பறித்து வெயிலில் உலர்த்தும்போதுதான் தோல் கறுத்துச் சுருங்குகிறது. பழுத்ததை நீரில் ஊறவைத்துத் தோலைக் களைந்தால் கிடைப்பது வெள்ளை மிளகு. அதுவும் இதே கொடிதான். ஆகவே வெள்ளை மிளகின் பெயரும் 'கறுப்பு' என்றே பொருள்படும்!

1753-இல் இப்பெயரை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் மலபாருக்கு வந்தவரல்லர். ஐரோப்பியர் மிளகை அறிந்தது மூட்டையில் வந்திறங்கிய உலர்ந்த சரக்காக. 'நைக்ரம்' என்பது அந்தச் சரக்கின் நிறம்; கொடியின் நிறமன்று. 'பைப்பர்' என்ற சொல்லும் 'பிப்பலி' என்னும் வடசொல்லிலிருந்து கிரேக்கம் வழியாகச் சென்றது. பிப்பலி என்பது நம் திப்பலி. திப்பலியின் பெயரை மிளகு வாங்கிக்கொண்டது வேடிக்கைதான்.

கறுப்புக்கு லத்தீனில் இன்னொரு சொல்லும் உண்டு: 'ஆட்டர்'. நைகர் பளபளக்கும் கறுப்பு. ஆட்டர் ஒளியற்ற கரிக்கறுப்பு. பிற்கால அறிவியற் பெயர்களில் இந்த வேறுபாடு எப்போதும் பேணப்படவில்லை. ஆனால் 1758-இல் லின்னேயஸ் 'ஃபுலிகா ஆட்ரா' என்று பெயரிட்ட நீர்ப்பறவைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. கரி பூசியதுபோன்ற உடல். நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைத் தகடு. அவர் உடலைப் பார்த்தார். நம்மவர் நெற்றியைப் பார்த்து 'நாமக்கோழி' என்றனர். பனிக்காலத்தில் பரத்பூர் செல்லும் அன்பர்கள் அங்குள்ள நீர்நிலைகளில் இப்பறவையைக் காணலாம்.