சிறுசொல்லும் பெரும்பொருளும்

தமிழகத்திலிருந்து வடபுலத்துப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து பயிலும் நம்மில் பலர் ஆங்கில நூல்களைத் தயக்கமின்றிப் படிக்கிறோம். 'இன்வெஸ்டிகேட்', 'எலிமினேட்', 'டீகம்போஸ்' முதலிய நெடுஞ்சொற்கள் நம்மை அச்சுறுத்துவதில்லை. அவை பாடநூலில் பழகியவை. ஆனால், பேராசிரியர் வாய்திறந்து பேசும்போது 'லுக் இன்ட்டு' என்கிறார். 'ரூல் அவுட்' என்கிறார். 'பிரேக் டவுன்' என்கிறார். தனித்தனியே எல்லாம் தெரிந்த சொற்களே. சேர்ந்து வரும்போதோ பொருள் பிடிபடாமல் விழிக்கிறோம். வாய்மொழித் தேர்வில், விடை தெரிந்த மாணவன் வினா விளங்காமையால் வாய்மூடி நிற்கிறான். 'இவனுக்குப் பாடமே தெரியவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தமிழ்வழியில் பயின்று வரும் தம்பி தங்கையர்க்கு இவ்விழப்பு நேரலாகாது. வேதியியல் முதுகலை மாணவனாகிய நான் இலக்கணம் எழுதத் துணிந்தது அதற்காகவே.

இவை யாவை?

ஒரு வினைச்சொல்லும் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற ஒரு சிறுசொல்லும் கூடிப் புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தார் 'ஃப்ரேஸல் வெர்ப்' என்பர். நாம் 'கூட்டுவினை' எனலாம். இப்பெயரை 1925-இல் தம் நூலொன்றில் எடுத்தாண்டு பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். பெயர் புதிது, இடர்ப்பாடு பழையது. 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே, அயலார்க்கு மிகுந்த தொல்லை தருவன இக்கூட்டுகள் என்று டாக்டர் ஜான்சன் குறித்துள்ளார்.

இவற்றின் ஆற்றலுக்கும் சான்று உண்டு. சி. கே. ஆக்டன் என்பார் 1930-இல் 850 சொற்களே கொண்ட 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் பதினெட்டே. 'கம்', 'கோ', 'கிவ்', 'டேக்', 'புட்' முதலிய அச்சிலவற்றோடு சிறுசொற்களைச் சேர்த்தே எஞ்சிய வினைகளையெல்லாம் சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து. சொற்கள் குறைந்தன, ஆனால் கூட்டுகளைக் கற்கும் சுமை குறையவில்லை.

தமிழில் இல்லாததா?

கூட்டுவினை நமக்குப் புதிதன்று. 'கண்டுபிடி' என்கிறோம். கண்ணால் கண்டு கையால் பிடிப்பதையா குறிக்கிறோம்? இல்லை, அதுவே ஆங்கிலத்தின் 'ஃபைண்ட் அவுட்'. 'கைவிடு' என்பது 'கிவ் அப்'. 'தள்ளிப்போடு' என்பது 'புட் ஆஃப்'. 'சுட்டிக்காட்டு' என்பது 'பாயிண்ட் அவுட்'. 'பார்த்துக்கொள்' என்பது 'லுக் ஆஃப்டர்'. இடத்தைக் குறிக்கும் சொல்லோடு வினை சேர்வதும் நம்மிடம் உண்டு. புறம் என்றால் வெளி. 'புறப்படு' என்பது 'செட் அவுட்' ஆகிறது. மேல் என்னும் சொல்லோடு கொள் சேர்ந்த 'மேற்கொள்', 'டேக் அப்' ஆகிறது. 'உட்கொள்' என்பது 'டேக் இன்'. 'வெளியிடு' என்பது 'பிரிங் அவுட்'. இத்தனையும் நாம் நாள்தோறும் ஆளுகின்ற சொற்களன்றோ?

ஆகவே, அஞ்ச வேண்டுவதில்லை. கற்கும் முறையை மாற்றினால் போதும். வழிகாட்டி நூல்கள் பல, 'கெட்' என்று தலைப்பிட்டு அதன்கீழ் இருபது கூட்டுகளை அடுக்குகின்றன. மனப்பாடம் செய்தவை மறுவாரமே மறந்துபோகின்றன. வினையை விட்டுச் சிறுசொல்லைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. சிறுசொல் ஒவ்வொன்றுக்கும் சில நிலையான போக்குகள் உள்ளன. ஆய்வுக்கூடத்தில் நாம் கேட்கும் சொற்களைக் கொண்டே அவற்றைக் காண்போம்.

1. அப்

மேல்நோக்குதல் இதன் முதற்பொருள். அதிலிருந்து மிகுதல் பிறந்தது: 'ஹீட் அப்' வெப்பமேற்று, 'ஸ்பீட் அப்' விரைவுபடுத்து. அடுத்தது முழுமை: 'யூஸ் அப்' என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு, 'டிரை அப்' என்றால் வற்றிவிடு. நம் 'விடு', 'தீர்' என்னும் துணைவினைகள் செய்யும் வேலையை இங்கே 'அப்' செய்கிறது.

2. டவுன்

குறைதல்: 'கூல் டவுன்' ஆறு, 'ஸ்லோ டவுன்' வேகம் குறை. சிதைதல்: 'பிரேக் டவுன்' என்றால் பொருள் சிதைவுறும், எந்திரமாயின் பழுதுற்று நிற்கும். தாளில் பதித்தல்: 'ரைட் டவுன்', 'நோட் டவுன்' குறித்துக்கொள்.

3. அவுட்

மறைந்தது வெளிப்படல்: 'ஃபைண்ட் அவுட்'. கணக்கிட்டு விடை காண்பது 'ஒர்க் அவுட்'. முடிவுவரை செய்தல்: 'கேரி அவுட்' செய்து நிறைவேற்று. இல்லாமற்போதல்: 'ரன் அவுட்' தீர்ந்துபோ, 'கோ அவுட்' அணைந்துபோ. விலக்கல்: 'ரூல் அவுட்' இது காரணமன்று என ஒதுக்கு.

4. ஆஃப்

பிரிதல் இதன் உயிர். 'கிவ் ஆஃப்' என்றால் வாயுவை வெளிவிடு. 'ஃபில்டர் ஆஃப்' வடித்துப் பிரி. 'பாயில் ஆஃப்' கொதிக்க வைத்து நீக்கு. 'ஸ்விட்ச் ஆஃப்' மின்னோட்டத்தை நிறுத்து.

5. ஆன்

தொடர்தல். 'கோ ஆன்', 'கேரி ஆன்', 'கீப் ஆன்' மூன்றிலும் நம் 'கொண்டிரு' ஒலிக்கிறது. 'கேரி ஆன்' என்றால் செய்துகொண்டே இரு. 'கேரி அவுட்' என்றால் செய்து முடி. வினை ஒன்றே, சிறுசொல் மாறியதும் பொருள் மாறிற்று.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டிலக்கணம் அன்று. பன்சன் விளக்கின் முன் நிற்கும்போது 'டர்ன் டவுன்' என்றால் சுடரைக் குறை. 'டர்ன் ஆஃப்' என்றால் வாயுவையே நிறுத்து. 'டர்ன் அப்' என்றால் சுடரைக் கூட்டு. எளிதில் தீப்பற்றும் நீர்மம் அருகில் இருக்கையில் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் விளைவு என்னாகும்? 'புட் ஆன்' என்றால் கண்ணாடியை அணிந்துகொள். 'புட் அவுட்' என்றால் தீயை அணை. 'புட் அவே' என்றால் எடுத்துவை. இவற்றையேனும் ஆய்வுக்கூடத்தில் நுழையுமுன் தெளிந்துகொள்வது நம் கடமை.

சில எச்சரிக்கைகள்

போக்குகள் வழிகாட்டுமே தவிர, விதியாக நின்று கட்டுப்படுத்தா. காகிதம் 'பர்ன் அப்' ஆகும். வீடு 'பர்ன் டவுன்' ஆகும். இரண்டுமே முற்றும் எரிதல்தான். 'புட் அப் வித்' என்பது பொறுத்துக்கொள் என்று பொருள்படும்; இதைப் பழகியே அறிதல் வேண்டும்.

சொல் நிற்கும் முறையும் கருதத்தக்கது. 'டர்ன் ஆஃப் த லாம்ப்', 'டர்ன் த லாம்ப் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் பெயருக்குப் பதிலாக 'இட்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'லுக் ஆஃப்டர்', 'லுக் இன்ட்டு' போன்றவை பிரிவதில்லை. அங்கே 'இட்' இறுதியில் வரும்.

வழக்கும் இடத்துக்கு இடம் வேறுபடும். இந்தியாவில் 'பாஸ் அவுட்' என்றால் படிப்பை முடித்து வெளியேறுதல். அயல்நாட்டில் பெரும்பாலும் மயங்கி விழுதல்! மேற்படிப்புக்குக் கடல்கடந்து செல்வோர் இதை நினைவிற் கொள்க. ஆய்வேட்டில் 'புட் ஆஃப்' என்பதை விடப் 'போஸ்ட்போன்' பொருந்தும். 'கேரி அவுட்' மட்டும் இரண்டிடத்தும் செல்லும்.

பயிலும் வழி

நான் கைக்கொண்ட முறை எளிது. ஒரு குறிப்பேட்டில் சிறுசொல்லுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினேன். அன்றன்று வகுப்பிலும் விடுதியிலும் காதில் விழுந்த கூட்டுவினையை உரிய பக்கத்தில் எழுதி, எதிரே பொருந்தும் தமிழ் வினையையும், கேட்ட வாக்கியத்தையும் குறித்தேன். நாளுக்கு மூன்று போதும். ஒரு பருவத்தில் முந்நூறுக்குமேல் சேர்ந்துவிடும். அகரவரிசைப் பட்டியல் மறக்கும். நாமே கேட்டு எழுதிய வாக்கியம் மறவாது.

தோழர்களே, தாய்மொழியில் கற்றதனால் நாம் பின்தங்கியவர் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 'தள்ளிப்போடு' என்பதன் நயம் அறிந்தவனுக்குப் 'புட் ஆஃப்' அயலானது அன்று. தமிழை விளக்காக ஏந்தி ஆங்கிலத்துள் புகுவோம். வினாவை விளங்கிக்கொள்வோம்; விடையைத் தலைநிமிர்ந்து சொல்வோம்.