எழாத ஸ்பெக்ட்ரத்தை எழுப்பும் முறை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பழங்கணினி ஆர்வலர்கள் இன்று தம் கையால் மறுபடி அமைத்துப் பார்க்கும் வீட்டுக் கணினிகளுள் முதன்மையான ஒன்றாகும். திரைக்குப் படம் அனுப்புதல், நினைவகத்தைப் பங்கிடுதல், விசைப்பலகையை வாசித்தல் ஆகிய பணிகளை அதில் ஒருங்கே செய்துவந்த, ஃபெராண்டி நிறுவனம் உருவாக்கிய யுஎல்ஏ என்னும் சில்லு இப்போது தயாரிப்பில் இல்லை. ஆயினும் கிறிஸ் ஸ்மித் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து 2010இல் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறார்; அதன் வேலையைச் சாதாரண 74 வரிசைத் தருக்கச் சில்லுகளைக் கொண்டு செய்விக்கும் பலகைகளும் புழக்கத்தில் உள்ளன. இக்கட்டுரை 48 கிலோபைட் நினைவகம் உள்ள அத்தகைய பலகையைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்டது.

பலகையைப் பற்றவைத்து முடித்து மின்சாரம் கொடுத்ததும், திரையின் அடியில் 1982 என்ற ஆண்டுடன் சின்கிளேர் நிறுவனத்தின் உரிமை வரி தோன்ற வேண்டும். தோன்றாதபோது கைக்கு எட்டிய சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பார்ப்பதே பலரும் செய்வது. அது தவிர்க்க வேண்டிய வழி. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கால்கள் வளைகின்றன, சாக்கெட்டின் பிடி தளர்கிறது, ஒரு பிழை இருந்த இடத்தில் இரண்டு சேர்ந்துவிடுகின்றன. புதிதாகக் கட்டிய பலகையில் சில்லு கெட்டிருப்பதைவிடப் பற்றவைப்பு பிடிக்காதிருப்பதும், ஒரு பாகம் தவறான இடத்தில் அமர்ந்திருப்பதுமே மிகுதி. மேலும் ஸ்பெக்ட்ரம் தன் குறையைத் தன் திரையிலேயே காட்டும் இயல்புடையது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு கம்பியின் மின்நிலை உயர்வா தாழ்வா துடிப்பா என்று விளக்கால் காட்டும் லாஜிக் புரோப், ரோம் எழுதும் கருவி, 40 கால் சாக்கெட் ஒன்று உபரியாக, இவை போதும்.

மின்சாரம்

சில்லுகளைச் சாக்கெட்டில் பொருத்தும் முன்பே 5 வோல்ட் கம்பிக்கும் நிலக்கம்பிக்கும் இடையிலான மின்தடையை அளக்க வேண்டும். அது சுழியை ஒட்டி இருந்தால் எங்கோ ஈயம் பாலமிட்டிருக்கிறது அல்லது மின்தேக்கி ஒன்று குறுக்காகிவிட்டது. அடுத்து, எந்த அடாப்டர் என்ற கேள்வி. மூல ஸ்பெக்ட்ரம் 9 வோல்ட்டில், செருகியின் நடுமுனை எதிர்மின்னாக இருக்கும்படி அமைந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றின் நடுமுனை நேர்மின். நகல் பலகைகளிலோ சில 9 வோல்ட்டையும் சில நேரடியாக 5 வோல்ட்டையும் கேட்கின்றன. ஆகவே பலகையின் வரைபடத்தைப் படிக்காமல் எந்த அடாப்டரையும் செருகக் கூடாது. மூலத்தைப் போலவே 4116 வகை நினைவகச் சில்லுகளைப் பயன்படுத்தும் பலகையாயின், +5, +12, −5 ஆகிய மூன்று மின்னழுத்தங்களையும் சாக்கெட்டுகள் காலியாக இருக்கும்போதே அளந்துகொள்வது கட்டாயம். −5 வோல்ட் இல்லாமல் +12 மட்டும் வந்தால் அச்சில்லுகள் பாழாகும்.

சில்லுகளைப் பொருத்திய பின் மின்னழுத்தத்தை மின்செருகியின் அருகில் அளப்பது பயன்படாது. இசட்80 என்னும் மையச்செயலியின் 11ஆம் காலுக்கும் 29ஆம் காலுக்கும் இடையில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்கிறதா என்று, மீட்டரின் முனையைச் சாக்கெட்டில் வைக்காமல் சில்லின் காலிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். சாக்கெட்டுக்குள் நுழையாமல் சில்லின் அடியில் மடிந்துபோன கால், மேலிருந்து பார்க்கும்போது நன்றாகப் பொருந்தியது போலவே தெரியும். அதை இந்த அளவீடுதான் காட்டிக்கொடுக்கும்.

துடிப்பும் தொடக்கமும்

செயலி இயங்க நொடிக்கு 35 இலட்சம் துடிப்புகள் அதன் 6ஆம் காலுக்கு வர வேண்டும்; 14 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் அலைவை நான்கால் வகுத்து இத்துடிப்பு பெறப்படுகிறது. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்றுண்டு. மற்ற கால்களுக்கு 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே அதை உயர்நிலை என்று ஏற்கும் இசட்80, துடிப்புக் காலில் மட்டும் மின்வழங்கலுக்கு 0.6 வோல்ட் அளவுக்குள் நெருங்கிய உயர்நிலையைக் கேட்கிறது. 74எல்எஸ் வகைச் சில்லின் வெளியீடு தானாக அந்த உயரத்தை எட்டாது. ஆகவே அந்தக் கம்பியை 5 வோல்ட்டை நோக்கி இழுக்கும் சிறிய மின்தடை விடுபட்டிருந்தால், புரோப்பில் துடிப்பு தெரிந்தும் செயலி உறங்கிக்கொண்டே இருக்கும்.

26ஆம் காலான ரீசெட், மின்சாரம் வந்ததும் சிறிது நேரம் தாழ்ந்திருந்து பின் உயர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நிறுத்திவைக்கும் ஆணைகளை ஏற்கும் 24, 25 ஆகிய கால்களும், 17ஆம் காலும் உயர்நிலையில் இருக்க வேண்டும். இவை சரியாயின், கட்டளை ஒன்றைச் செயலி எடுக்கும்போதெல்லாம் துடிக்கும் 27ஆம் காலைத் தொட்டுப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஏழு பைட்டுச் சோதனை

உயிர் இருந்தும் உரிமை வரி வராவிட்டால், மூல ரோமை எடுத்து வைத்துவிட்டு, கீழ்க்காணும் ஏழு எண்களை மட்டும் முதல் முகவரியிலிருந்து எழுதிய ரோமைப் பொருத்த வேண்டும்: 243, 62, 2, 211, 254, 24, 254. இதன் பொருள் எளியது. குறுக்கீடுகளை நிறுத்து; 2 என்ற எண்ணை எடு; அதை 254ஆம் வாயிலுக்கு அனுப்பு; பிறகு நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிரு. அந்த வாயிலின் கடைசி மூன்று பிட்டுகள் திரையின் ஓரச்சட்டத்துக்கு நிறம் தருபவை. நீலத்துக்கு 1, சிவப்புக்கு 2, பச்சைக்கு 4. ஓரம் சிவப்பானால், ரேமில் ஒரு பைட்டைக்கூடத் தொடாமலேயே செயலி, ரோம், வாயில், படச்சுற்று ஆகிய நான்கும் வேலை செய்கின்றன என்பது ஒரே பார்வையில் உறுதியாகிறது. சிவப்புக்குப் பதில் மெஜந்தா தெரிந்தால் நீலத்துக்குரிய கம்பி உயர்நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் தெரிந்தால் பச்சைக்குரியது. இவ்வளவு சிறிய நிரல் இவ்வளவு செய்தி தருவதால், வேறெந்தச் சோதனைக்கும் முன் இதைச் செய்வதே சிறப்பு.

ரோமைப் பொறுத்தவரை அடிக்கடி நேரும் தவறு அளவு பற்றியது. ஸ்பெக்ட்ரத்துக்குத் தேவை 16 கிலோபைட். கையில் கிடைப்பதோ 32 கிலோபைட் கொண்ட 27சி256. அதன் மிகுதியான முகவரிக்கால் உயர்நிலையில் கட்டப்பட்டிருந்து, நிரல் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், செயலி காலிப் பாதியையே படிக்கும். ஒரே நிரலை இரு பாதிகளிலும் எழுதிவிட்டால் இந்த ஐயமே எழாது. எழுதிய ரோமைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கவும் வேண்டும். மூல ஸ்பெக்ட்ரம் ரோமின் முதல் எட்டு எண்கள் 243, 175, 17, 255, 255, 195, 203, 17 என்றிருக்கும்.

திரையின் செங்குத்தான பத்திகள் ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாகவும், நீலக் கோடுள்ள வெள்ளையாகவும் மாறிமாறி நிரம்பி உறைந்தால், ரோம் பேசவே இல்லை என்று கொள்ளலாம். தரவுக் கம்பிகள் யாரும் இயக்காமல் உயர்ந்து கிடக்கும்போது செயலி எங்கும் 255 என்றே படிக்கிறது. அந்த எண் அதற்கு 56ஆம் முகவரிக்குத் தாவும் கட்டளை. அங்கும் 255 இருப்பதால் அது தாவிக்கொண்டே, திரும்பிவர வேண்டிய முகவரியை 0, 57 என்ற இரு பைட்டுகளாக ரேம் முழுதும் எழுதித் தள்ளுகிறது. அந்த இரண்டு எண்களின் உருவமே திரையில் தெரியும் பட்டைகள். இந்நிலையில் ரோமின் 20, 22ஆம் கால்களுக்குத் தேர்வுக்குறி வருகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஓரச்சோதனை தோற்றால் மட்டுமே அடுத்த வழியான வெற்றோட்டம் தேவைப்படும். உபரி சாக்கெட்டில் தரவுக்குரிய எட்டுக் கால்களை, அதாவது 7, 8, 9, 10, 12, 13, 14, 15 ஆகியவற்றை, வெளியே வளைத்து, ஒவ்வொன்றையும் 1 கிலோ ஓம் மின்தடை வழியாக நிலக்கம்பியில் இணைத்து, செயலியை அதில் ஏற்றிப் பலகையில் பொருத்த வேண்டும். இப்போது செயலி எங்கும் சுழியையே படிக்கும். சுழி என்பது ‘ஒன்றும் செய்யாதே’ என்னும் கட்டளையாதலால், அது முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே செல்லும். 5 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் மின்தடையும் எல்இடியும் வழியாக 5ஆம் காலைத் தொட்டால், நொடிக்கு ஏறத்தாழ 13 முறை விளக்கு படபடக்கும். பிற முகவரிக் கால்களிலும் துடிப்பு இருக்க வேண்டும். துடிக்காத கால் நிலக்கம்பியோடோ பக்கத்துக் கம்பியோடோ ஒட்டியிருக்கிறது.

திரையைப் படித்தல்

மூல ரோமைத் திரும்பப் பொருத்திய பின் கவனிக்க வேண்டிய கணம், மின்சாரம் கொடுத்த முதல் இரண்டு நொடி. ரோம் தன் தொடக்க வேலைகளுள் ஒன்றாக ரேம் முழுவதையும் 2 என்ற எண்ணால் நிரப்புகிறது. பிறகு அடியிலிருந்து ஒவ்வொரு பைட்டையும் இருமுறை ஒன்று ஒன்றாகக் குறைத்து, இரண்டாம் முறையில்தான் சுழியாகிறதா என்று சோதிக்கிறது. திரையில் தெரியும் படமும் அதே ரேமில், 16384ஆம் முகவரியிலிருந்து 6144 பைட்டுப் புள்ளிகளாகவும் அதையடுத்து 768 பைட்டு நிறங்களாகவும் இருப்பதால், இந்நிரப்பல் கண்ணுக்குத் தெரிகிறது. இரும எண்ணில் 2 என்பது 00000010. எனவே எட்டுப் புள்ளி அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் இடமிருந்து ஏழாவது புள்ளி மட்டும் எரியும். நிறத்தின் இடத்தில் அதே 2 கருந்தளத்தில் சிவப்பு மை என்று பொருள்படும். ஆகவே நல்ல பலகையில், கரிய திரையில் 32 மெல்லிய சிவப்புக் கோடுகள் கணப்பொழுது தோன்றி, கீழ்நோக்கி அழிந்து, பின் வெண்மை பரவும்.

ரேமின் ஒரு பிட் கெட்டிருந்தால் இந்தக் கோலம் மாறிவிடும். கோடுகள் இரு புள்ளி அகலமாகி மெஜந்தாவானால் கடைசி பிட் 1இல் ஒட்டியிருக்கிறது. எண் 2 அல்ல, 3 ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டத்தின் இடது ஓரத்திலும் கூடுதலாக ஒரு கோடு நின்று, திரையே மின்னி மின்னி நிறம் மாற்றினால் முதல் பிட், ஏனெனில் நிறப் பைட்டில் அதுவே மின்னச் செய்யும் பிட். சோதனையில் தோற்ற செயலி அதன்பின் வழிதவறி எதையும் செய்யக்கூடுமாகையால், இந்தக் கணத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது பேருதவி. ரோமின் கட்டளைகள் ஓடுகின்றன என்பதே செயலியின் தரவுக் கால்கள் எட்டும் நலமாக உள்ளன என்பதற்குச் சான்று. ஆகவே குறையைச் செயலியின் அருகில் தேடாமல், திரையின் படத்தைத் தாங்கும் கீழ் ரேமுக்குப் பிரியும் கிளையிலேயே தேட வேண்டும்.

சில நேரம் குறை நிலையாக நில்லாது; குளிர்ந்திருக்கும்போது எழும் பலகை பத்து நிமிடத்தில் உறையும். அப்போது முதலில் ஐயுற வேண்டியது சில்லுகளின் வகைக் கலப்பு. 74எல்எஸ் உறுதியளிக்கும் உயர்நிலை 2.7 வோல்ட்; 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்சி கேட்பதோ 3.5 வோல்ட். இடையே உள்ள அந்த இடைவெளியில் சுற்று ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. எல்எஸ் சொல்வதைக் கேட்கும் இடத்தில் 74எச்சிடி வகையே பொருந்தும். ஓர் எழுத்துதான் வேறுபாடு, கடைக்காரரும் பெரிதாக எண்ணமாட்டார், ஆனால் பலகைக்கு அது பெரிது.

வரி வந்த பின்

உரிமை வரி தோன்றியும் எந்த விசைக்கும் பலகை அசையாவிட்டால், விசைப்பலகையைப் பழிக்கும் முன் செயலியின் 16ஆம் காலைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 50 முறை அங்கு வரும் குறுக்கீட்டின்போதுதான் ரோம் விசைகளை வாசிக்கிறது. அது வராவிட்டால் நல்ல விசைப்பலகையும் ஊமையே. சில விசைகள் மட்டும் வேலை செய்யாவிட்டால் அவற்றின் எண்ணிக்கையே விடை தரும். நாற்பது விசைகளும் எட்டுக்கு ஐந்தாகக் கட்டப்பட்டவை. 1 முதல் 5 வரை என்பது போல அடுத்தடுத்த ஐந்து விசைகள் செத்திருந்தால் ஒரு முகவரிக் கம்பியோ அதன் டயோடோ அறுந்திருக்கிறது. 1, 0, க்யூ, பி, ஏ, என்டர், கேப்ஸ் ஷிஃப்ட், ஸ்பேஸ் என்று சிதறிய எட்டு விசைகள் செத்திருந்தால் ஒரு வாசிப்புக் கம்பி.

படம் தெளிவாக வந்து நிறம் மட்டும் வராவிட்டால், இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய அதே பால் முறையின் 4.43 மெகாஹெர்ட்ஸ் நிறக் கிரிஸ்டலையும் அதனருகில் உள்ள திருகு மின்தேக்கியையும் சரிபார்க்க வேண்டும். சில புதிய தட்டைத் தொலைக்காட்சிகள் 312 வரிகள் கொண்ட இப்படத்தையே ஏற்பதில்லை என்பதால், பழைய தொலைக்காட்சி ஒன்றில் பாராமல் பலகையைக் குறைசொல்வது முறையன்று.

கடைசிச் சோதனையாக, ‘பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733’ என்ற கட்டளையைப் பலகையிலேயே தட்டெழுத வேண்டும். ரோம் தன் சோதனையில் நம்பி ஏற்ற ரேமின் கடைசி முகவரி அது. மேல் ரேம் கெட்டிருந்தாலும் ஸ்பெக்ட்ரம் குறைகூறாமல் 16 கிலோபைட் கணினியாக எழுந்து நிற்கும் என்பதால், உரிமை வரியைக் கண்டதோடு திருப்தி அடைந்து பெட்டியை மூடிவிடக் கூடாது. 32767 என்று வந்தால் மேல் ரேம் முதல் பைட்டிலேயே தோற்றிருக்கிறது. இடைப்பட்ட எண் வந்தால், அதற்கு அடுத்த முகவரியில்தான் முதற்குறை இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ரீசெட் கொடுத்து, மீண்டும் கேட்டபோதும் 65535 என்றே வந்தால் அந்தப் பலகை முழுமையாக எழுந்துவிட்டது.