‘கலவையான விமர்சனம்’: பொருள் என்ன? ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் கற்பிக்கும் பாடம்

புதிய படம் ஒன்று வெளியான மறுநாளே ‘கலவையான வரவேற்பு’ என்று ஒரு வரி செய்தித்தாளில் வந்துவிடுகிறது. நம் வீடுகளில் அதற்கு ‘சுமார்’ என்று பொருள் கொள்கிறோம். “சுமாராம், வேண்டாம்” என்பார் அப்பா. “சண்டை நல்லா இருக்காம், போகலாம்பா” என்பார்கள் பிள்ளைகள். நான்கு பேர் போய்வர டிக்கெட், ஆட்டோ, இடைவேளைத் தீனி என்று ஆகும் செலவை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் படத்தைப் பார்க்காத இரு தரப்பும், யாரோ தந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வாதாடுகின்றன. அந்த எண்ணுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்தால் வெதுவெதுப்பான நீர் கிடைக்கும். கருத்துகள் அப்படிக் கலப்பதில்லை. ஒருவருக்குக் கொதிப்பதும் இன்னொருவருக்குக் குளிர்வதும் தனித்தனியேதான் நிற்கும். கலவையான விமர்சனம் என்பது பெரும்பாலும் ஒரே படத்தை வெவ்வேறு அளவுகோல்களால் அளந்தவர்களின் கருத்து வேறுபாடு. எந்த அளவுகோல் நம்முடையது என்று தெரிந்துகொண்டால்தான் அந்த விமர்சனத்தால் நமக்குப் பயன் உண்டு.

இதை விளக்க, 2008ஆம் ஆண்டு வெளியான ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தை எடுத்துக்கொள்கிறேன். இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படத்தின் பின்னணி

2006இல் வந்த ‘கசினோ ராயல்’ படத்தில் டேனியல் கிரெய்க் முதன்முறையாகப் பாண்டாக நடித்தார். அதில் பாண்ட் வெஸ்பர் என்ற பெண்ணைக் காதலிக்கிறார். அவள் அவரை ஏமாற்றி, இறுதியில் நீரில் மூழ்கி இறக்கிறாள். விமர்சகர்களும் ரசிகர்களும் அப்படத்தை ஒருமுகமாகப் பாராட்டினர். அதன் தொடர்ச்சியே ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’. முந்தைய கதை முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் இக்கதை தொடங்கிவிடுகிறது. பிடிபட்ட எதிரியைக் காரின் பின்பெட்டியில் அடைத்துக்கொண்டு இத்தாலியின் கார்தா ஏரிக்கரைச் சாலையில் பாண்ட் விரைகிறார்.

தலைப்பு இயான் ஃபிளெமிங் எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பு. ‘ஆறுதலின் அளவு’ என்று தமிழில் சொல்லலாம். அச்சிறுகதையில் உளவு வேலை ஏதும் இல்லை. கசந்துபோன ஒரு திருமண வாழ்வைப் பற்றியது அது. படம் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, காதலியை இழந்தவனுக்கு எவ்வளவு ஆறுதல் கிட்டும் என்று கேட்கிறது. இயக்கியவர் மார்க் ஃபோர்ஸ்டர். ‘தி கைட் ரன்னர்’ போன்ற மென்மையான படங்களைத் தந்தவர்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ கணக்கில் ‘கசினோ ராயல்’ 90 சதவீதத்திற்கு மேல் பெற்றது. ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ பெற்றதோ அறுபத்துச் சொச்சம். இதைப் பரீட்சை மதிப்பெண்ணாக எண்ணிவிடக் கூடாது. நூறு விமர்சகர்களில் அறுபத்துச் சொச்சம் பேர் ‘பார்க்கலாம்’ என்று சொன்னார்கள் என்பதே அதன் பொருள். எல்லோருக்கும் ஓரளவு பிடித்த ஒரு படம் இந்த முறையில் 100 சதவீதம்கூட வாங்கலாம். பாதிப் பேர் தலைமேல் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் வெறுத்து ஒதுக்கிய படம் 50தான் வாங்கும். எண் ஒன்று, அதன் பின்னால் இருக்கும் கதை வேறு.

ரசிகர்களின் கருத்தை அறிய அமெரிக்காவில் ‘சினிமாஸ்கோர்’ என்னும் நிறுவனம், முதல் நாள் இரவு அரங்கை விட்டு வெளியே வருபவர்களிடம் மதிப்பீடு வாங்குகிறது. ‘கசினோ ராயல்’ பெற்றது ஏ மைனஸ். ‘குவாண்டம்’ பெற்றது பி மைனஸ். ஆக, விமர்சகர்கள் மட்டுமல்ல, காசு கொடுத்துப் பார்த்தவர்களும் தயங்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் வசூல்? இங்கேதான் சுவையான கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் ‘கசினோ ராயல்’ ஏறத்தாழ 4 கோடியே 8 லட்சம் டாலர் ஈட்டியது. ‘குவாண்டம்’ ஈட்டியது ஏறத்தாழ 6 கோடியே 75 லட்சம். பாண்ட் படங்களுக்கு அதுவரை கிடைத்திராத தொடக்கம் அது. ஆனால் ஓட்டம் முடிந்தபோது முதல் படம் அங்கே ஏறத்தாழ 16 கோடியே 70 லட்சமும், இரண்டாவது 16 கோடியே 80 லட்சமும் ஈட்டியிருந்தன. அத்தனை வேகமாகப் புறப்பட்ட படம், மெதுவாகப் புறப்பட்ட படம் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

காரணம் எளிது. ஒரு தொடர்ச்சிப் படத்தின் முதல் மூன்று நாள் வசூல், முந்தைய படத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்குக் கிடைத்த வட்டி. அதன் பின்பு வருவதே இந்தப் படத்தின் சொந்தச் சம்பாத்தியம். ‘முதல் வாரம் அரங்கு நிறைந்தது’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நன்னூல் தரும் அளவுகோல்

இனி, கருத்து வேறுபாட்டின் உள்ளே நுழைவோம். ‘கசினோ ராயல்’ 144 நிமிடம் ஓடியது. ‘குவாண்டம்’ 106 நிமிடம்தான்; அதுவரை வந்த 22 பாண்ட் படங்களில் மிகச் சிறியது. இந்தச் சுருக்கத்தைச் சிலர் புகழ்ந்தனர்: வேகம், இறுக்கம், வீண்பேச்சு இல்லை. வேறு சிலர் இதையே குறையாகக் கண்டனர்: யார் யாரை ஏன் துரத்துகிறார்கள் என்றே விளங்கவில்லை.

நம் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வரிசைப்படுத்துகிறார். அழகுகளில் ஒன்று சுருங்கச் சொல்லல். குற்றங்களில் ஒன்று குன்றக் கூறல். இரண்டுமே குறைவாகச் சொல்வதுதான். ஒன்று அழகாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆவது எதனால்? சுருங்கச் சொல்லலை அடுத்து அவர் வைக்கும் அழகு விளங்க வைத்தல். குற்றங்களின் வரிசையிலோ மயங்க வைத்தல் இருக்கிறது. கேட்பவனுக்கு விளங்கினால் அது சுருக்கம். மயங்கினால் அது குறை.

இந்த அளவுகோலால் படத்தை அளந்து பாருங்கள். ‘கசினோ ராயல்’ படத்தை முன்பே பார்த்தவருக்குக் காரின் பின்பெட்டியில் கிடப்பவர் யார் என்று தெரியும். வெஸ்பர் என்ற பெயரைக் கேட்டவுடன் பாண்டின் முகம் ஏன் இறுகுகிறது என்றும் தெரியும். அவருக்கு இது சுருக்கம். பார்க்காதவருக்கு இது மயக்கம். பழைய பாண்ட் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதை முதலில் பார்த்தாலும் ஏறக்குறைய விளங்கிவிடும். ஆகவே இருதரப்பு விமர்சகர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்த முன்கதைதான் வேறு.

சண்டைக் காட்சிகளுக்கும் இது பொருந்தும். அவற்றைத் தனிக் குழுவோடு எடுத்த டான் பிராட்லி, ஜேசன் பார்ன் உளவுப் படங்களில் பணியாற்றியவர். படத்தொகுப்பாளர்கள் இருவரில் ஒருவரும் ‘தி பார்ன் சுப்ரமஸி’ படத்தில் பங்குகொண்டவரே. காட்சிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டி வெட்டி ஒட்டப்பட்டன. எந்தக் கார் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை என்று பலர் அலுத்துக்கொண்டனர். அதே படத்தில் ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகர ஏரி மேடையில் ‘டோஸ்கா’ இசை நாடகம் நடக்கும் காட்சியில் துப்பாக்கிச் சத்தம் அடங்கி இசை மட்டும் ஒலிக்கிறது. அதைப் படத்தின் சிறந்த பகுதி என்று பாராட்டியவர்கள் பலர். என் எண்ணமும் அதுவே.

காரணம் ஒன்று உண்டு

குறைகளுக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் போராட்டமும் இருந்தது. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத்தாளர் பால் ஹாக்கிஸ் தம் பிரதியை வேலைநிறுத்தம் தொடங்கும் தறுவாயில் ஒப்படைத்தார். 2008 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியபோது திருத்தித் தர எழுத்தாளர் இல்லை. தாமும் இயக்குநருமே காட்சிகளைத் திருத்தி எழுத நேர்ந்தது என்று கிரெய்க் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவிட்டும், தாளும் பேனாவும் பிடிக்க ஓர் ஆள் இல்லாத குறையை மறைக்க முடியவில்லை. காரணம் தெரிந்தால் குறை மறையாது. ஆனால் குறை எங்கிருந்து வந்தது என்று அறிவதும் விமர்சனத்தின் ஒரு பகுதியே.

பாண்ட் யார்?

புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ‘கசினோ ராயல்’ படத்திற்கு நான்கு நட்சத்திரங்களும் இதற்கு இரண்டும் கொடுத்தார். பாண்ட் வெறும் அடிதடி வீரனாகிவிட்டார், அவருக்கே உரிய தோரணை போய்விட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். பாண்ட் தம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற வசனமும் இப்படத்தில் இல்லை. ஈபர்ட் அளந்த அளவுகோல் மரபு. துயரத்தில் இருப்பவன் கிண்டல் பேசித் திரிவானா என்று கேட்டவர்களின் அளவுகோல் வேறு.

வில்லனின் திட்டத்தைப் பற்றியும் கருத்து பிளந்தது. உலகையே அழிக்க முயலும் பழைய வில்லன்களுக்கு எதிரே, இந்த டொமினிக் கிரீன் பொலிவியாவின் பாலைநிலத்தடியில் தண்ணீரைத் தேக்கி வைத்து விற்கப் பார்க்கிறான். ‘இது ஒரு திட்டமா?’ என்றனர் பலர். பொலிவியாவின் கோசபாம்பா நகரில் 2000ஆம் ஆண்டில், குடிநீர் வழங்கல் தனியாரிடம் போய்க் கட்டணம் ஏறியதால் மக்கள் தெருவில் இறங்கி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்யவைத்தனர். கதைக்கு அப்படியொரு நிஜமான நிழல் உண்டு. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு இந்த வில்லன் சின்னவனாகத் தெரியவில்லை. வறண்ட குழாயடியில் கிராமத்து மக்கள் காத்து நிற்கும் காட்சி, குண்டு வெடிக்கும் காட்சிகளைவிட அதிகமாக என்னைத் தொட்டது. லண்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்து எழுதிய விமர்சகர் எல்லோரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. நம் வாழ்க்கையும் ஓர் அளவுகோல்தான்.

நாம் செய்ய வேண்டியது

2012இல் அடுத்த படமான ‘ஸ்கைஃபால்’ வந்தது. 143 நிமிடம், முன்கதை தெரியாதவருக்கும் விளங்கும் தனிக் கதை. உலக அளவில் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கலவையான விமர்சனம் யாரையும் அழித்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களோடு தமிழில் ஐந்து நிமிடத்திற்கு மேல் நீளும் பேச்சு எத்தனை வீடுகளில் நடக்கிறது? ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்பதோடு பல வீடுகளில் நம் தமிழ் முடிந்துவிடுகிறது. காரணம் காட்டி வாதிடவும், மறுக்கவும், ஒப்புக்கொள்ளவும் ஒரு மொழியில் பழகாத பிள்ளைக்கு அம்மொழி அடுக்களை மொழியாகவே நின்றுவிடும். படம் பார்த்துத் திரும்பும் வழி இதற்கு நல்ல வாய்ப்பு. நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இந்தப் படம் எதைச் செய்ய முயன்றது?
2. அதைச் செய்ததா? எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறாய்?
3. முதல் பாகம் பார்க்காதவருக்கு இது விளங்குமா?
4. உனக்குப் பிடித்தது, அல்லது பிடிக்காமல் போனது, படத்தினாலா, நீ எதிர்பார்த்துப் போனதினாலா?

எண்ணைச் சொல்லித் தப்பிக்க விடாதீர்கள். ‘அறுபது சதவீதமாம்’ என்றால், ‘உன் சதவீதம் எவ்வளவு, ஏன்?’ என்று கேளுங்கள். பயிற்சிக்கு நம் மொழியிலேயே ஒரு உளவுப் படம் இருக்கிறது. கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ 2013இல் வந்தது. ஐந்தாண்டு கழித்து 2018 ஆகஸ்டில் அதன் இரண்டாம் பாகம் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் குடும்பத்தோடு பார்த்து, சுருங்கச் சொன்ன இடம் எது, குன்றக் கூறிய இடம் எது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே வீட்டில் நான்கு தாள்களும் நான்கு விதமாக இருந்தால் கவலை வேண்டாம். அன்றைய இரவுச் சாப்பாடு சற்றுத் தாமதமாகும்; அவ்வளவுதான்.