மருமகனுக்கு ஒரு கடிதம்: துப்பாக்கியும் கைக்கருவிகளும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அப்பாருவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குரிய உரிமம் முறைப்படி உன் பெயருக்கு மாறிவிட்டதென்றும், அதை வீட்டிலேயே துடைத்துப் பேணுவதற்கு எந்தெந்தக் கருவிகளை வாங்கலாமென்றும் கேட்டு எழுதியிருக்கிறாய். கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்துவிடாமல் இருந்தாயே, அந்த விவேகத்தை மெச்சியே சற்று விரிவாக எழுதுகிறேன்.

பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்த 1930-களுக்குப் பிறகு பஞ்சாலையும் பம்புசெட்டும் பெருகிய நம் கோயமுத்தூர்ச் சீமையில், கிணற்று மோட்டாரைத் தானே கழற்றி மாட்டத் தெரியாத குடியானவன் அபூர்வம். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் பட்டறைகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, எந்த இயந்திரமானாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் தானாக வந்துவிடுகிறது. அந்தத் தைரியம் மோட்டார் கொட்டகைக்கு அனுகூலம்; துப்பாக்கிக்கோ அதுவே சத்துரு. பன்னிரண்டு போர் (bore) குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர், தோட்டா உட்காரும் இடத்தில் கனத்திருக்கும் அதன் சுவர் வாய்ப்பக்கம் போகப் போக மெலிந்துவிடுகிறது, அன்றியும் இரு குழல்களும் அவற்றை இணைக்கும் பட்டைகளோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பைப் ரெஞ்சின் பல்லும் வைஸின் இறுக்கமும் இப்படிப்பட்ட குழலை நெளித்துவிட்டால், அதை நிமிர்த்துவது எளிதில் ஆகிற காரியமன்று.

ஆகையால் மூன்று விதிகளை மனத்தில் இருத்திக்கொள். குழலுக்குள் போகும் எதுவும் குழலைவிட மென்மையாயிருக்க வேண்டும். திருகாணியைத் தொடும் எதுவும் அதன் காடிக்குப் பிசகின்றிப் பொருந்த வேண்டும். இவ்விரண்டிலும் அடங்காத வேலை உன் வேலையன்று.

முதல் விதிப்படி நீ வாங்க வேண்டியது மரத்தாலோ பித்தளையாலோ ஆன துடைப்புக்கோல் ஒன்று, அதன் நுனியில் மாட்டும் பாஸ்பர் பிரான்ஸ் பிரஷ் ஒன்று, கம்பளிக் குஞ்சம் ஒன்று. சுட்டபின் குழலில் படியும் கரியையும் ஈயத்தையும் பிரஷ் கிளறிவிடும். பழந்துணி அதைத் துடைத்தெடுக்கும். கம்பளி எண்ணெயைப் பூசும். கோலை எப்போதும் தோட்டா அறையின் பக்கமிருந்து வாய்ப்பக்கமாகவே செலுத்து. குழலின் நடுவில் பிரஷைத் திருப்பியிழுக்க முயன்றால் அதன் மயிர் மடங்கி மாட்டிக்கொள்ளும், ஆகவே மறுமுனையில் முழுவதும் வெளிவந்த பிறகே திரும்ப இழு. இரும்புக் கம்பி பிரஷும் உப்புத்தாளும் நீ துப்பாக்கியைத் துடைக்கும் அறைக்குள்ளேயே வரலாகாது.

இரண்டாவது, திருப்புளி. கடையில் விற்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பைப் போல் சரிந்திருப்பதால், அது காடியின் மேல் விளிம்பை மட்டுமே பிடிக்கிறது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலெழும்பி, திருகாணியின் தலையையும் பக்கத்திலுள்ள சித்திர வேலையையும் கீறிவிடுகிறது. துப்பாக்கித் திருகாணிகளின் காடியோ மிகவும் ஒடுங்கியது. நுனியின் இரு பக்கமும் இணையாகத் தீட்டப்பட்டு, காடியின் அடிவரை இறங்கி, அதன் நீளத்தையும் முழுமையாக நிரப்பும் திருப்புளியே வேண்டும். அது கிடைக்காவிட்டால் நல்ல எஃகுத் திருப்புளி ஒன்றை வாங்கிச் சாணையில் தீட்டச் சொல். தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும், நுனி நீலம் பாரித்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டதென்று அறிந்துகொள். பட்டறைக்குத் திருகாணியின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு போ, துப்பாக்கியைக் கொண்டுபோகாதே.

எண்ணெயிலும் ஜாக்கிரதை வேண்டும். தேங்காயெண்ணெய் நம் மார்கழிக் காலைக் குளிரில் உறைந்துவிடும். கடலையெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய கனிம எண்ணெயே போதும், அதுவும் சில துளிகள்தாம். மிகுதியாக விட்டு நிமிர்த்தி வைத்தால் அது வழிந்து இறங்கி, இரும்பும் கட்டையும் கூடுமிடத்தில் மரத்தை இளக்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆனி ஆடியிலும், அடைமழை பெய்யும் ஐப்பசியிலும் தோலுறைக்குள் துப்பாக்கியைப் பூட்டி வைக்காதே. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்க்கும். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் முன்னர் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடு. திரும்பப் பெற்ற அன்றே முழுவதும் துடைத்துப் பார்.

மூன்றாவது விதி சட்டமும் சேர்ந்து வகுத்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் பெறாத எவரும் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தடுக்கிறது; குழலைக் குறுக்குவதற்கு 6-ஆம் பிரிவின் கீழ்த் தனி உரிமம் வேண்டும். விசையின் இயக்கத்தில் தளர்ச்சி கண்டாலும், வில் தகட்டின் வேகம் குன்றினாலும், குழலில் பள்ளம் விழுந்தாலும், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் லேத் பட்டறைக்காரரிடம் போகாதே. உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளரிடமே கொடு. அதனால்தான் வில் தகட்டை அமுக்கும் சாதனமும், அரமும், பற்றவைக்கும் கருவியும் உன் பெட்டியில் இருக்க வேண்டாமென்கிறேன். கையில் இருந்தால் பிரயோகித்துப் பார்க்கும் சபலம் வந்துவிடும்.

கோல், பிரஷ், கம்பளிக் குஞ்சம், பழந்துணி, பொருந்திய திருப்புளி இரண்டு, சிறிய எண்ணெய்ப் புட்டி: இவ்வளவே உனக்குப் போதும். இவற்றில் எதையும் கையிலெடுக்கும் முன்னர், துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரு குழல்களும் காலியாயிருப்பதை உன் கண்ணாலேயே பார். தோட்டாக்களை வேறொரு அறையில் பூட்டிவிட்டு வந்து உட்கார். இந்த ஒரு கிரமத்தை மட்டும் எவருடைய தாட்சண்யத்துக்காகவும் ஒரு நாளும் தவறவிடாதே.

இப்படிக்கு,
உன் மாமன்