துலாம்பென் கடலடியில் ஒரு கப்பல்

இந்தோனேசியாவின் பாலித் தீவில், வடகிழக்குக் கரையோரமாகத் துலாம்பென் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஆகுங் எரிமலை உயர்ந்து நிற்கிறது. அங்குள்ள கடற்கரையில் வெண்மணலைக் காண முடியாது. எரிமலை உமிழ்ந்த கருங்கற்கள்தாம் அலையில் உருண்டு உருண்டு வழுவழுப்பாகிக் கிடக்கின்றன. வெறுங்காலுடன் நடப்பதுகூடக் கடினம். ஆயினும், உலகின் பல நாடுகளிலிருந்து முக்குளிப்பாளர்கள் அந்தக் கரையைத் தேடி வருகின்றனர். கரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவில் நீருக்கடியில் கிடக்கும் ஒரு கப்பலைக் காணவே அவர்கள் வருகின்றனர்.

அக்கப்பலின் பெயர் லிபர்ட்டி. 1918இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட இந்தச் சரக்குக் கப்பல் 120 மீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, இரயில் பாதைக்கான பாகங்களையும் இரப்பரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பீன்ஸ் நோக்கிச் சென்றது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லொம்போக் நீரிணைக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதன்மீது டார்பிடோவை ஏவியது. கோலாலம்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்ததும் அதே நாளில்தான்.

தாக்கப்பட்ட கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு சிங்காராஜா துறைமுகத்தை நோக்கிச் சென்றன. வழியில் கப்பலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருந்தது. துறைமுகம் வரை தாங்காது என்று தெரிந்ததும், சரக்கையாவது காப்பாற்றலாம் என எண்ணித் துலாம்பென் கரையில் அதை ஏற்றி நிறுத்தினர். அங்கேயே 21 ஆண்டுகள் அது துருப்பிடித்துக் கிடந்தது. பயன்படக்கூடிய பொருள்கள் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கப்பட்டன. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வேளையில் ஏற்பட்ட அதிர்வில் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் சென்றது. போர் கரையேற்றிய கப்பலை எரிமலை கடலுக்குள் தள்ளியது.

இப்போது அது சரிவான மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேற்பகுதி நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்திலும் உள்ளன. இந்தக் குறைந்த ஆழம்தான் அதன் பிற்கால வாழ்க்கையை முடிவு செய்தது எனலாம். பவளம் பார்ப்பதற்குச் செடிபோலத் தோன்றினாலும் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. பாறை கட்டும் பவள உயிரிகளின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்திற்குக் கிடைக்கிறது. ஆகவே, பவளம் செழிக்க வெளிச்சம் வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடமும் வேண்டும். அலைக்கு அலை நகரும் கறுப்பு மணலில் பவளம் வேரூன்ற இயலாது. அந்த மணல்வெளியில் ஒரு பெரிய இரும்புக் கூடு வந்து விழுந்ததும், கடற்பஞ்சுகளும் பவளங்களும் கடல்விசிறிகளும் அதன்மீது குடியேறின. அவற்றைத் தேடிச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தேடிப் பெருமீன்களும் வந்தன.

இக்கப்பலைக் காணச் செல்பவர் முதலில் மூச்சுவிடப் பழக வேண்டும். முதுகில் சுமக்கும் கலனில் உயிர்வளி மட்டுமே இருப்பதாகப் பலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் அதில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்றுச் செலவாகிறது. நீர்மட்டத்தில் ஒரு மணி நேரத்திற்குப் போதுமான காற்று, 10 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரத்திற்கும் 30 மீட்டர் ஆழத்தில் கால் மணி நேரத்திற்கும்தான் வரும். இறங்கும்போது காது வலித்தால், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். மேலேறும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, நீர்மட்டத்தை அடையும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துபோகலாம்.

நீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் மறைகிறது. சில மீட்டர் இறங்கியதும் எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும். ஆனால், ஒரு கைவிளக்கை அடித்தால் போதும். துருப்பிடித்த இரும்பாகத் தோன்றிய இடம் செஞ்சிவப்புக் கடற்பஞ்சாக மாறிவிடும்! அதிகாலையில் செல்வோர் பருத்த நெற்றியுடைய கிளிமீன்களைக் காணலாம். ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய அவை இரவில் கப்பலின் மறைவில் உறங்கி, விடிந்ததும் கூட்டமாகப் புறப்படுகின்றன. கப்பலைச் சுற்றிப் பாரை மீன்கள் வெள்ளிச் சுவர்போலச் சுழல்வதுண்டு. அருகிலுள்ள மணலில் விலாங்கு இனத்து மீன்கள் பாதி உடலை நீட்டிப் புல்போல அசையும். ஆள் நெருங்கினால் ஒரே நொடியில் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கப்பலின் பக்கவாட்டில் பெரிய திறப்புகள் உள்ளன. உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு நுழைந்து பார்க்கும் ஆசை வராமல் இருக்காது. உரிய பயிற்சி இல்லாதவர் அங்குதான் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே துடுப்புக்காலை ஒருமுறை வேகமாக உதைத்தாலும் அடியில் படிந்துள்ள மண் கலங்கி, வந்த வழி தெரியாமல் போகலாம். தலைக்கு மேல் இரும்பு இருப்பதால், காற்றுத் தீர்ந்தால் நேராக மேலே செல்லவும் வழியில்லை. கப்பலுக்கும் இதனால் தீங்கு உண்டு. முக்குளிப்பாளர் வெளிவிடும் குமிழிகள் உட்கூரையில் தங்கினால் அங்குள்ள இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். கையுறை அணிந்த கை பிடிக்கும் இடத்தில் பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் நொறுங்கிவிடும். மிதவையைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் எதையும் தொடாமலே கப்பலைச் சுற்றி வந்துவிடுவார்.

ஊர்மக்களுக்கு இக்கப்பல் பிழைப்பு. முன்பு மீன்பிடித்தும் வறண்ட நிலத்தில் பாடுபட்டும் வாழ்ந்த ஊரில், இன்று தங்கும் விடுதிகளும் முக்குளிப்புக் கடைகளும் இருக்கின்றன. காற்றுக் கலன்களைக் கடற்கரைக்குச் சுமந்து செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு கலன் ஏறக்குறைய 15 கிலோகிராம் எடையுள்ளது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் தடுமாறும் கருங்கற்களின்மேல் அவர்கள் இயல்பாக நடந்து செல்கின்றனர். சிலர் ஒரே நடையில் இரண்டு கலன்களைச் சுமப்பர்.

ஒளியைத் தந்த அதே குறைந்த ஆழம் அலைகளையும் எளிதில் உள்ளே விடுகிறது. உப்புநீர் இரும்பை அரிக்கிறது. பெரிய அலைகள் தளர்ந்த தகடுகளை அசைக்கின்றன. லிபர்ட்டியின் பல பகுதிகள் ஏற்கெனவே இடிந்து சரிந்துவிட்டன. எது தளம், எது பக்கச்சுவர் என்று புதிதாக வருபவருக்கு விளங்குவதில்லை; வழிகாட்டிதான் கையசைத்துக் காட்டுகிறார். சரிந்து விழுந்த தகடுகள் சிலவற்றின்மீது இப்போது விரல் நீளப் பவளங்கள் முளைத்திருக்கின்றன.