மார்கழிக் குளிரில் திருத்துழாய்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெரிய பெருமாளுக்குத் திருமாலை கட்டி வாழ்ந்த தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருநக்ஷத்ரம் மார்கழியில் கேட்டை. அவர் அருளிய திருப்பள்ளியெழுச்சியின் பத்தாம் பாசுரத்தில் ஆழ்வார் தம்மை அடையாளம் சொல்லிக்கொள்ளும் இடம் நோக்கத்தக்கது. தம் ஞானத்தைச் சொல்லவில்லை, கவித்திறத்தையும் சொல்லவில்லை. தொடுத்த திருத்துழாயும் தோளில் விளங்கும் பூங்கூடையும் உடையவர் என்பதே அவர் தரும் அடையாளம். மார்கழி விடியலில் அந்தக் கூடையைச் சுமந்து வருவதற்கு, ஐப்பசி கார்த்திகையிலேயே தோட்டத்தில் வேலை நடந்திருக்கவேண்டும். பாசுரத்தை நாள்தோறும் அநுஸந்திக்கும் நாம் அந்த வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நம் இல்லங்களில் திருத்துழாய் மிகுதியாக வேண்டப்படும் மாதமும் மார்கழியே, செடி மிகக் குறைவாக வளரும் மாதமும் மார்கழியே. திருத்துழாய் வெப்பநாட்டுச் செடி. அதன் தளிர்ப்பு வெயிலையும் பகற்பொழுதின் நீளத்தையும் பொறுத்தது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் சென்னையில் பகல் 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். லண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஆவணியில் ஒரு வாரத்தில் துளிர்த்த கிளை இப்போது அதே வேகத்தில் துளிர்க்காது. நாமோ ஆவணியைவிட இருமடங்கு பறிக்கிறோம்.

வைகுண்ட ஏகாதசியை எண்ணிப் பாருங்கள். த்வாதசியன்று திருத்துழாய் பறிப்பதில்லை என்பது நம் வழக்கம். ஆகவே ஏகாதசிக்கு வேண்டியதையும் மறுநாளைக்கு வேண்டியதையும் ஒரே காலையில் பறித்துவிடுகிறோம். தை பிறக்கும்போது பல வீடுகளில் மாடத்தில் வெறுங்குச்சி நிற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது அடியேனின் எண்ணம். குளிரின்மேல் பழியைப் போடுவது எளிது. திருத்துழாய்க்குப் பழையது என்னும் தோஷம் இல்லை என்று பெரியோர் சொல்வர். நான்கைந்து நாட்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் செடியும் தாங்கும், ஆராதனமும் குறைவறாது நடக்கும்.

அடியேன் வங்கியில் பணிசெய்து ஓய்வுபெற்றவன் ஆகையால் கணக்குவழியிலேயே மனம் செல்கிறது. தண்டும் முதிர்ந்த இலையும் முதல், நுனித்தளிர் வட்டி. வட்டியை எடுக்கலாம். இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும் கணுவுக்குச் சற்று மேலே நுனியைக் கொய்தால் அங்கிருந்து இரு பக்கக்கிளைகள் பிறக்கும். அடியிலுள்ள பெரிய இலைகளை உருவி எடுத்தால் செடிக்கு உணவு சமைக்க ஒன்றும் மிஞ்சாது. எக்காலத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருசேரப் பறித்தல் தகாது. மார்கழியில் அதிலும் பாதியோடு நிறுத்துவது நலம். கீதையின் 9ஆம் அத்யாயத்தில் இலையையும் பூவையும் சொன்ன கண்ணன் அளவு எதையும் சொல்லவில்லை. ஆகையால் ஒரு தளம் ஸமர்ப்பிக்கக் கூச்சம் வேண்டா.

குளிர்தேசங்களில் எழுந்தருளியிருக்கும் பாகவதர்களுக்கு இக்கவலை இன்னும் பெரிது. அவர்களுக்கு அனந்தாழ்வானின் நினைவு துணையாகும். திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்யச் செல்வார் உளரோ என்று எம்பெருமானார் கேட்டபோது, அம்மலையின் குளிரை எண்ணிப் பலரும் தயங்க, அவர் ஒருவரே எழுந்தார் என்பர். நந்தவனக் கைங்கர்யத்தில் குளிர் புதிய தடையன்று.

இரவின் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழ் இறங்குமுன் தொட்டியை உள்ளே எழுந்தருளப்பண்ணிவிட வேண்டும். உறைபனி ஓரிரவு பட்டாலும் செடி கருகிவிடும். வீட்டினுள் வைப்பது மரபாகுமோ என்று சிலர் தயங்குவதுண்டு. வெளியில் மாளவிடுவதைவிட அது மேல் என்றே தோன்றுகிறது. தெற்கு நோக்கிய சன்னல் சிறந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர்கால வெயில் அவ்வழியே வரும். அது போதாதெனில் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எல்.இ.டி. விளக்கொளி கொடுக்கலாம். ஹீட்டரின் வெங்காற்று நேரே படும் இடம் கூடாது. அவ்வறட்சியில் செஞ்சிலந்திப் பேன் எளிதில் பற்றும். இலையின் அடிப்புறத்தை வாரந்தோறும் தண்ணீரால் கழுவி வந்தால் மருந்து தெளிக்கும் தேவை பெரும்பாலும் எழாது. ஆராதனத்துக்குப் பறிக்கும் செடியாதலால் அதுவே உத்தமம்.

எங்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் திருத்துழாய் வாடி மாள்வது பெரும்பாலும் தண்ணீர் மிகுதியால். வளர்ச்சி குறைந்த செடி குறைவாகவே நீர் குடிக்கும். நாள்தோறும் பூஜை முடிந்ததும் ஒரு சொம்பு நீரை வார்க்கும் வழக்கம் கோடைக்குப் பொருந்தும். மார்கழியில் அது வேரை அழுகச்செய்யும். விரலை மண்ணில் ஓரங்குலம் செருகிப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் வார்க்க வேண்டும். நாள்தோறும் வார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஓர் உத்தரணி போதும். உரமும் இப்போது வேண்டா.

பூக்களில் மல்லிகை இம்மாதத்தில் குன்றிவிடும். சாமந்தியோ இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் இனம். மார்கழி அதற்கு உகந்த காலம். மொட்டு வராத சாமந்தித் தொட்டி தெருவிளக்கின் கீழ் நிற்கிறதா என்று பாருங்கள். இரவெல்லாம் வெளிச்சம் பட்டால் அது பூக்க மறுக்கும். இருள் உள்ள மூலைக்கு மாற்றினால் மொட்டு விடத் தொடங்கும்.

முற்றி உலர்ந்த கதிர்களைத் திருத்துழாயின் அடியிலேயே உதிரவிடாமல் எடுத்து, விதைகளைக் காகிதப்பொதியில் வைத்துக்கொள்ளலாம். குளிர்தேசத்தார் அவற்றைப் பங்குனியில் வீட்டினுள்ளே விதைக்கலாம். நம் ஊர்களில் தை பாதியில் கணுக்களில் பச்சைப்புள்ளிகள் தெரியத் தொடங்கும். அப்போது மேல்மண்ணைக் கிளறி ஒரு பிடி மண்புழு உரம் இடலாம்.

அடியேன் ராமாநுஜதாஸன்