துப்புரவு நீர்வண்டும் அதன் புதிய இனங்களை விவரிக்கும் முறையும்

மழைக்காலத்தில் விளக்கு ஏற்றிய சிறிது நேரத்திற்கெல்லாம் தாழ்வாரத்தில் வந்து விழும் கரிய வழவழப்பான வண்டுகளைத் திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் நன்கறிவார்கள். வயலிலும் குளத்திலும் வசிக்கும் இவற்றை வேறுபாடின்றித் தண்ணீர் வண்டு என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் இவற்றுள் இரு பெரிய குடும்பங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று உயிருள்ள பிராணிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டை நீர்வண்டு. மற்றொன்று, வளர்ந்த பருவத்தில் அழுகிய இலைதழைகளையும் பாசியையும் பெரும்பாலும் தின்பது. அதை இக்கட்டுரையில் துப்புரவு நீர்வண்டு என்று வழங்குவோம். இப்பின்னதில் உலகமெங்கும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது நம்மவர் மட்டும் செய்வதன்று. 1758-ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், ஐரோப்பாவின் பெரிய கருநிறத் துப்புரவு வண்டுக்குப் பெயரிட்டபொழுது, அதை வேட்டை வண்டுகளோடேயே சேர்த்து வைத்தார். 1762-ல் பிரான்சு தேசத்து ஜெப்ராய் என்பவர் அதற்கு ஹைட்ரோபிலஸ் என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார்.

பிரித்தறிவதற்குப் பூதக்கண்ணாடியும் வேண்டுவதில்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வண்டை விட்டுப் பார்த்தால் போதும். வேட்டை வண்டு காற்று வாங்க மேலே வரும்போது பின்புறத்தை நீர்மட்டத்தில் நீட்டும். துப்புரவு வண்டோ தலைப்பக்கத்தை நீட்டி, உணர்கொம்பின் நுனியால் நீர்த்தோலைப் பிளந்து காற்றை உள்ளே இழுக்கும். அக்காற்று அதன் வயிற்றுப்புறத்தில் வெள்ளித் தகடு போலப் படர்ந்து மின்னுவதைக் காணலாம். முன்னது பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்புப் போல ஒருங்கே அடித்து நீந்தும். பின்னது கால்களை மாற்றி மாற்றி, நடப்பது போல அசைக்கும். துப்புரவு வண்டின் முகத்தில் உணர்கொம்பு போல நீண்டு தெரிபவை வாயுறுப்புக்களே. உண்மையான உணர்கொம்பு குட்டையாய், நுனி தடித்துத் தலைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

இந்த வண்டு நெற்பயிரை அறுப்பதில்லை. வயல் நீரில் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடுவது வீண் செலவாகும். ஆனால் இதன் புழுப்பருவம் வேறு குணமுடையது. பெரிய இனங்களின் புழுக்கள் நத்தை, தவளைக்குஞ்சு முதலியவற்றைப் பற்றித் தின்னும். மீன்குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குட்டையிலோ குஞ்சுகளுக்கே எமனாக முடியும். அதற்கு நமது நாட்டு மீன்வளர்ப்பில் கையாளப்படுவது எண்ணெய்-சவர்க்காரக் கரைசல். ஹெக்டேருக்கு 56 கிலோ தாவர எண்ணெயும் 18 கிலோ சவர்க்காரமும், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 23 கிலோவும் 7 கிலோவும், கலந்து காற்றடிக்காத வேளையில் நீரின் மேல் பரப்ப வேண்டும். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இதைச் செய்வது முறை. மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகள் எண்ணெய்ப் படலத்தால் மூச்சடைத்து மடியும். இது நல்லது கெட்டது பாராது. நாற்றங்கால் குட்டைக்கு மட்டுமே உரியது. ஊர்ப் பொதுக் குளத்திலும் நெல் வயலிலும் இதைப் பரப்ப எவரும் துணியலாகாது.

ஒரே குடும்பத்தில் இத்தனை வேறுபாடு இருத்தலால்தான் இனத்தைத் திட்டமாக அறிவது அவசியமாகின்றது. இக்குடும்பத்துச் சிறு வண்டுகள் சில தண்ணீரை விட்டுச் சாணத்திலும் எருக்குழியிலும் வாழ்கின்றன. வேறு சில, நீர் கசியும் பாறைமுகத்தில் மட்டுமே ஒட்டி வாழும். பாறையில் வாழும் இவ்வகையான ஊசைக்ளஸ் என்னும் பேரினத்தை, புனே நகரத்து ஆராய்ச்சியாளர்களான சயாலி சேத், ஹேமந்த் காட்டே ஆகியோர் செக் நாட்டு மார்ட்டின் பிகாசெக்குடன் கூடி ஆராய்ந்து, இந்திய உபகண்டத்துக்குரிய புதிய இனங்களை 2020-ல் விவரித்தார்கள். 1914-ல் வெளிவந்த பிளெச்சர் துரையின் தென்னிந்தியப் பூச்சி நூல் பொருளாதார நோக்கோடு எழுதப்பட்டது. பயிருக்குத் தீங்கு செய்யாத ஜீவன்கள் அத்தகைய நூல்களில் அதிக இடம் பெறுவதில்லை. கொடைக்கானல் சரிவிலும் சிறுமலையிலும் கசிவுப் பாறைகளுக்குக் குறைவில்லை. அவற்றைப் பொறுமையாகத் தேடிப் பார்ப்பது தகும்.

புதிய இனம் என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் அது செல்லாது. முதலில் ஏற்கெனவே பெயர் பெற்ற நெருங்கிய இனங்கள் யாவற்றோடும் ஒப்பிட வேண்டும். நீளம், நிறம், சிறகுறையின் புள்ளிக்கோடுகள், வயிற்றுப்புறத்து ரோமம் முதலியன நுணுகி அளக்கப்படும். வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும் இனங்களில் ஆண் வண்டின் ஜனன உறுப்பே முடிவான லக்ஷணம். வண்டை வெந்நீரில் ஊறவைத்து அவ்வுறுப்பை மெல்ல வெளியே எடுத்துச் சுத்தி செய்து, அதே வண்டின் அட்டையில் ஒட்டிவைப்பார்கள். 1930-க்குப் பிற்பட்ட பெயர் எதுவும், பிற இனங்களினின்று பிரிக்கும் லக்ஷணத்தை எழுத்தில் கொண்டிராவிடில் செல்லுபடியாகாது என்பது சர்வதேச விதி. பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு வண்டு மூலமாதிரியாகக் குறிக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தப்படும். பின்னாளில் சந்தேகம் எழுந்தால் நூலைக் காட்டிலும் அந்த வண்டே சாட்சி. 2002-ம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, இந்தியாவில் கண்ட புதிய இனத்தை இதற்கென நியமித்த காப்பகத்துக்கு அறிவித்து மாதிரியை ஒப்படைக்கவும் வேண்டும்.

வண்டைப் பிடித்தவர் இடம் குறிக்காவிடில் இந்த வேலையெல்லாம் பாதியில் நின்றுவிடும். "திண்டுக்கல்" என்று மட்டும் எழுதியது போதாது. ஆத்தூர்ப் பக்கத்து ஓடையா, நிலக்கோட்டை வயலா என்று தெரிய வேண்டும். ஆகவே விருப்பமுள்ள மிராசுதாரர்கள் வண்டை 70 சதவிகித ஸ்பிரிட்டில் சிறு புட்டியில் இட்டு, ஊர், குளம் அல்லது ஓடையின் பெயர், தேதி, பிடித்தவர் பெயர், விளக்கிலோ நீரிலோ பாறையிலோ கிடைத்தது என்பவற்றைப் பென்சிலால் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டிக்கு உள்ளேயே போடுக. மையெழுத்து ஸ்பிரிட்டில் கரைந்துபோம். ஒவ்வோரிடத்துக்கும் தனிப் புட்டி வைக்கவும். இரண்டு குளத்து வண்டுகளை ஒன்றில் கலக்கலாகாது. கிராம அதிகாரிகள் அவ்விவரத்தை ஊராட்சியின் உயிரியல் பல்வகைமைப் பதிவேட்டிலும் ஏற்றச் செய்து, புட்டியை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம். அங்கிருந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறைக்கு அனுப்பக் கோரலாம்.